விலை குறைந்த 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளை வீட்டுப் பட்டறையில் சீர்செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பல வீடுகளில் ஓர் ஏர் ரைஃபிள் இருக்கிறது. குழலை மடக்கினால் ஸ்பிரிங் அமுங்கும், விசையை இழுத்தால் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை அமுக்கும், அந்தக் காற்று பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டைத் தள்ளும். இந்தப் பக்கம் அந்த வகைத் துப்பாக்கிக்கு மட்டும். குறி தவறுகிறது, பவர் இல்லை, சத்தம் அதிகம் என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பலக்குறைவு அல்ல. எங்கோ ஒரு திருகாணி ஆடும், எங்கோ காற்று கசியும், எங்கோ இரும்போடு இரும்பு உரசும். காசையும் நேரத்தையும் அங்கே செலவழியுங்கள்.

வீட்டில் வைத்துக் கைவைப்பது சட்டப்படி சரியா?

ஆயுத விதிகள் 2016-இன்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ, வெளியேறும் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும். இரண்டுக்கும் உட்பட்டிருக்கும்வரை கட்டையை, அதாவது துப்பாக்கியின் மரப்பகுதியை, தேய்ப்பது, வாஷர் மாற்றுவது, கிரீஸ் போடுவது எல்லாம் உங்கள் விருப்பம். 5.5 மி.மீ. குழல் போட்டால் அந்த நிமிடமே உரிமம் இல்லாத ஆயுதம் கையில் இருக்கிறது என்று பொருள்.

ஆற்றலைக் கணக்கிடுவது எளிது. எடையைக் கிலோகிராமில் எடுத்துப் பாதியாக்கி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 0.52 கிராம் பெல்லட் வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போனால் 8.4 ஜூல். அதே பெல்லட் 277 மீட்டரைத் தொட்டால் கிட்டத்தட்ட 20. பத்து மீட்டரில் காகித அட்டையைத் துளைக்க முதல் கணக்கே தாராளம்.

.22 ரைஃபிளுக்கும் இதே வேலைகளைச் செய்யலாமா?

கூடாது. அது வெடிமருந்துத் தோட்டா சுடும் துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவு அதைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் கேட்கிறது. குழலைக் குட்டையாக்குவதற்கு 6-ஆம் பிரிவு தனியாக உரிமம் கேட்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் உங்களிடம் இருந்தாலும் பழுதுபார்க்கும் உரிமம் அது ஆகாது. உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

புதிதாக வாங்கியது. பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலை என்ன?

மூன்று திருகாணிகள். கட்டையின் முன்பகுதியில் இருபக்கமும் ஒவ்வொன்று, விசைக் காப்பில் ஒன்று. ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு சுடலுக்கும் இரண்டு திசையில் உதைக்கும். பிஸ்டன் கிளம்பும்போது பின்னோக்கி, அது போய் முட்டும்போது முன்னோக்கி. இந்த ஆட்டத்தில் திருகாணி தளர்ந்துகொண்டே வரும். கழற்றி, பெட்ரோல் தொட்ட துணியால் எண்ணெய் போகத் துடைத்து, மரையில் நீல நிற லாக்டைட் (திருகாணி தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து முடுக்குங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம், சூடு காட்டாமல் அது கழன்று வராது. மரம் நசுங்கும் அளவுக்கும் முடுக்க வேண்டாம். முன் திருகாணியின் தலை மரத்துக்குள் புதைந்துகொண்டே போனால் அடியில் அகலமான பித்தளை வாஷர் போடுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு அடுத்த நாள் அட்டையில் சுட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே குறை தீர்ந்துவிடும்.

அடுத்தது குழல் மடங்கும் இடத்தில் இருக்கும் போல்ட். துப்பாக்கியைக் காக் செய்து (குழலை முழுக்க மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டி), குழல் முனையைக் கையில் பிடித்தபடியே வெவ்வேறு கோணத்தில் நிறுத்திப் பாருங்கள். விரலை இலேசாகத் தளர்த்தியதும் குழல் தன் எடையால் கீழே விழுந்தால் போல்ட் தளர்வு. நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். இந்தச் சோதனையின்போது குழலைக் கைவிடக் கூடாது. பெல்லட் வைக்கும் வாய்க்குள் விரல் போகவே கூடாது. விசை நழுவினால் குழல் மேலே அடித்து மூடும், விரலும் போகும், குழலும் வளையும்.

எந்தப் பெல்லட்? விலை கூடியதே நல்லதா?

ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. மூன்று நான்கு வகை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. 0.45 முதல் 0.55 கிராம் வரை எடை, தட்டை முகம். தட்டை முகம் அட்டையில் வட்டமாக வெட்டும், கூர் முகம் கிழிக்கும். குழலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தும்போது இலேசான தடையோடு விளிம்பு மட்டத்துக்கு உட்கார வேண்டும். தானாக விழுந்தால் விட்டம் குறைவு.

சேலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, வெள்ளிக் கொலுசு வேலைக்கு வைத்திருக்கும் 10 மில்லிகிராம் தராசு எங்கும் கிடைக்கிறது. ஒரு டப்பா பெல்லட்டை அதில் எடை போட்டுப் பிரியுங்கள். மலிவான டப்பாவில் ஒன்று 0.49, அடுத்தது 0.54 என்று வரும். 0.02 கிராமுக்குள் சேர்பவற்றைத் தனி டப்பாவில் போடுங்கள். பாவாடை, அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பு, நசுங்கியவை பயிற்சிக்கு.

இரும்பு குண்டு மட்டும் வேண்டாம். குழலின் வரிகளைத் தேய்க்கும், கெட்டியான எதில் பட்டாலும் திரும்பி வந்து கண்ணில் படும்.

குழலை எப்படிச் சுத்தம் செய்வது?

இரும்புக் கம்பியை முனையிலிருந்து நுழைக்காதீர்கள். முனை விளிம்பு கெட்டால் குறி கெட்டது. தடித்த மீன்பிடி நரம்பை இரண்டாக மடித்து முனை வழியாக விட்டு, பெல்லட் வைக்கும் பக்கத்தில் வரும் வளையத்தில் 3 செ.மீ. அகலப் பருத்தித் துணி மாட்டி முனைப்பக்கமாக இழுங்கள். முதல் இரண்டு துணி கறுப்பாக வரும், ஐந்தாவதோ ஆறாவதோ சாம்பல் நிறத்தில் வந்தால் போதும். புதுத் துப்பாக்கியில் தொழிற்சாலை கிரீஸ் இருக்கும், அதை மட்டும் முழுக்க எடுங்கள். பிறகு குறி விலகத் தொடங்கும்போது செய்தால் போதும்.

முனையில் பிசிர் இருக்கிறதா என்று பார்க்க, காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு வெளியே இழுத்துச் சுற்றிலும் தொடுங்கள். ஓரிடத்தில் பஞ்சு நூல் மாட்டினால் பிசிர் இருக்கிறது. உருண்டைத் தலை பித்தளைத் திருகாணி ஒன்றைக் கை டிரில்லில் மாட்டி, தலையில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் துளி தடவி, குழலுக்குள் 2 செ.மீ. ஆழத்தில் கிரீஸ் தோய்த்த பஞ்சு அடைத்துவிட்டு, டிரில்லை மெதுவாகச் சுழற்றியபடியே மணிக்கட்டால் வட்டமாக ஆட்டுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். முனையில் ஒரே அகலத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால் நிறுத்துங்கள். பஞ்சை முனை வழியாகவே எடுங்கள், பேஸ்ட் உள்ளே போகக் கூடாது.

சுடும்போது முகத்தில் காற்று அடிக்கிறது. பவரும் குறைந்துவிட்டது.

குழல் மூடும் வாயில் இருக்கும் சீல் தேய்ந்திருக்கிறது. மூடிய பின் அந்த இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை வைத்து, துப்பாக்கியைப் பெல்லட் பிடிக்கும் பெட்டியை (கீழே சொல்கிறோம்) நோக்கிச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் கசிவு உறுதி. பழைய வடிவங்களில் தோல் வாஷர், புதியவற்றில் ரப்பர் ஓ-ரிங். பழைய ஓ-ரிங்கை எடுத்துக்கொண்டு பைக் உதிரிபாகக் கடைக்குப் போனால் அதே அளவு கிடைக்கும். சீல் குழலின் முகத்தைவிட மிகச் சிறிது, அரை மி.மீ. அளவுக்கு, மேலே நிற்க வேண்டும். பள்ளமாக இருந்தால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் வெட்டி வையுங்கள். அதிகம் நின்றால் குழல் முழுதாக மூடாது, ஒவ்வொரு சுடலுக்கும் குறி மேலும் கீழும் போகும்.

எண்ணெய் எங்கே விட வேண்டும்?

அதிகம் பேர் துப்பாக்கியைக் கெடுப்பது இதில்தான். காற்று போகும் சிறு துளைக்குள் தையல் மெஷின் எண்ணெயோ, துரு எடுக்கும் ஸ்பிரேயோ விட்டால், பிஸ்டன் அழுத்தும் சூட்டில் அந்த எண்ணெய் டீசல் எஞ்சினில் போல வெடித்து எரியும். படார் என்று சத்தம், குழலில் புகை, எரிந்த வாடை. வேகம் கூடிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த வெடிப்பு பிஸ்டனைப் பின்னுக்கு அடித்து ஸ்பிரிங்கை உடைக்கும், சீலைக் கருக்கும், ஒரு சுடலுக்கும் அடுத்ததுக்கும் வேகம் ஒட்டாது.

பிஸ்டனில் தோல் வாஷர் இருந்தால் மட்டும் அது காயாமல் இருக்க எண்ணெய் தேவை. கெட்டியான சிலிகான் எண்ணெய் அந்தத் துளையில் இரண்டு சொட்டு, குழல் மேல்நோக்கி நிற்க ஓர் இரவு. செயற்கை சீல் என்றால் அதுவும் வேண்டாம். குழல் மடங்கும் போல்ட்டுக்கும் காக் செய்யும் கம்பி உரசும் இடத்துக்கும் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்), தீக்குச்சி முனையளவு.

சுட்டதும் "டொய்ங்" என்று அதிர்கிறது. நிறுத்த முடியுமா?

முடியும், ஆனால் உள்ளே பிரிக்க வேண்டும். ஸ்பிரிங்கின் உள்ளே நிற்கும் வழிகாட்டித் தண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடைவெளி அதிகமாக இருப்பதால் ஸ்பிரிங் வளைந்து அதிர்கிறது. அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் வேலை.

எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறோம். காக் செய்யாத நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் சில சென்டிமீட்டர் அமுங்கியே இருக்கிறது. பின்மூடியைக் கையால் பிடித்துக்கொண்டு அதைத் தாங்கும் குறுக்கு ஊசியை (பின்) தட்டி எடுத்தால் மூடி பாய்ந்து வரும், கை தாங்காது. தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீளக் கிளாம்ப், 90 செ.மீ.க்குக் குறையாதது, கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தப் பகுதியைத் தொடாதீர்கள்.

பெல்லட் இல்லை, காக் செய்யவில்லை என்று பார்த்துக் கட்டையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுங்கள். விசைத் தொகுதியின் பின்கள் எந்தப் பக்கமிருந்து வந்தன என்பது பிறகு மறந்துபோகும். உடலைக் கிளாம்பில் வைத்து, இருமுனையிலும் மரத்துண்டு கொடுத்து, பின்மூடியின் மேல் அழுத்தம் ஏறும்வரை முடுக்குங்கள். பின்னைத் தொட்டு ஆட்டினால் இலகுவாக அசைந்தால் அழுத்தம் சரி, அப்போது பஞ்ச் என்னும் இரும்புக் கம்பியால் தட்டி எடுங்கள். பிறகு கிளாம்பை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள், உடலுக்குப் பின்னால் முகத்தை வைக்காதீர்கள். திருகு மரையில் மூடி இருக்கும் வகையிலும் கடைசி இரண்டு சுற்றுக்குக் கிளாம்ப் வேண்டும்.

வெளியே எடுத்த ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். தள்ளாடினால் வளைந்திருக்கிறது, மாற்றுங்கள். முனைகளை 400 எண் நீர் எமரியில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பிஸ்டனின் விளிம்புகளிலும், சிலிண்டரில் வெட்டிய நீளத் துளையின் ஓரங்களிலும் பிசிர் இருக்கும். அந்த ஓரம்தான் புதுச் சீலை உள்ளே தள்ளும்போது கத்தியாகச் சீவிவிடும். நுண்அரத்தால் தேய்த்து எடுங்கள். வழிகாட்டியை லேத் பட்டறையில் டெல்ரின் என்னும் கெட்டி பிளாஸ்டிக் உருளையில் கடையச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் உள்விட்டத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து, ஆகக் குறைந்த அளவைவிட 0.1 மி.மீ. குறைத்து. கையால் திருகித் தள்ளினால் ஏற வேண்டும், தானாக விழக் கூடாது. ஸ்பிரிங் அமுங்கும்போது உள்விட்டம் சற்று விரியும் என்பதால் இந்த இறுக்கத்தில் ஸ்பிரிங் சிக்கிக்கொள்ளாது.

எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி உலர்த்தி, பிஸ்டன் பக்கங்களில் மாலி கிரீஸைத் துணியால் தேய்த்து ஏற்றுங்கள், படலமாகத் தெரிந்தால் போதும். ஸ்பிரிங்குக்குப் பட்டாணி அளவு. சீலின் முகத்துக்கு முன்னால் எதுவுமே வேண்டாம். மாட்டியபின் முதல் ஐம்பது பெல்லட் வரை கொஞ்சம் புகை வரும், பிறகும் நின்றபாடில்லை என்றால் கிரீஸ் அதிகம்.

அப்படியே கெட்டியான ஸ்பிரிங் போட்டுவிடலாமே?

வேண்டாம். 20 ஜூல் எல்லையை அறியாமல் தாண்டிவிடலாம் என்பது ஒன்று. அதைவிட, மலிவுத் துப்பாக்கியின் சிலிண்டர் கொள்ளும் காற்றின் அளவு மாறாதது. ஸ்பிரிங் கெட்டியானால் பிஸ்டன் வேகமாக ஓடி முட்டுகிறது, காற்று கூடுவதில்லை. வேகம் சொற்பமாக ஏறும், உதை அதிகமாக ஏறும், பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் விசையின் கொக்கி தேயும்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் வரும் காற்று குறைவதால் பிஸ்டனுக்கு மெத்தையும் குறைவு. இதே துப்பாக்கி மலை மேல் கொஞ்சம் கடுமையாக உதைக்கும், வேகமும் சற்று இறங்கும். அங்கே குறியைச் சற்றே மாற்றினால் போதும், ஸ்பிரிங் மாற்ற வேண்டாம்.

விசை ரொம்பக் கடினம். கொக்கியைத் தேய்த்து இலேசாக்கலாமா?

கொக்கியின் முகத்தில் அரம் படக் கூடாது. அந்த முகத்தில் கடினமாக்கிய தோல் மிக மெல்லியது. அது போனால் அடியில் மிருது இரும்பு, சில நூறு சுடல்களில் தேய்ந்து, குழலை மூடும்போதே சுட்டுவிடும் நிலைக்கு வரும். செய்யத்தக்கது: விசைத் தொகுதியைப் பெட்ரோலில் கழுவி, உரசும் பின்களை வெள்ளி மெருகிடும் ரூஜ் தடவிய துணியால் தேய்த்து, மாலி கிரீஸ் துளி வைப்பது. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் ரூஜ் கட்டி கிடைக்கும். சரிசெய்யும் திருகாணி இருந்தால் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் காக் செய்து, பெல்லட் வைத்து, குழலைப் பெட்டியை நோக்கி வைத்து, கட்டையின் பின்புறத்தை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். தானாகச் சுட்டால் அரைச் சுற்று திருப்பி எடுங்கள்.

கட்டையைப் பளபளப்பாக்க எண்ணம். எங்கிருந்து தொடங்குவது?

மலிவுக் கட்டையின் மேல் கெட்டியான வார்னிஷ் இருக்கும், அடியில் மரம் பரவாயில்லாமல் இருக்கும். இரும்பு முழுவதையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வார்னிஷைச் சுரண்டும் தகட்டால் எடுத்து, உப்புத்தாளில் 120, 180, 240, 320 என்று ஏறுங்கள். எப்போதும் இழை ஓடும் திசையில். குறுக்கே தேய்த்த கோடு எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். பள்ளங்களுக்கு ஈரத்துணி போட்டு மேலே சூடான இஸ்திரிப் பெட்டி வையுங்கள், நசுங்கிய இழை நீராவியில் எழும்பும். வெட்டுப்பட்ட இடம் எழும்பாது. 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் இழை முள்ளாக நிற்கும், அதைத் தேய்த்த பின்புதான் 320.

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், பெயிண்டுக் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். முதல் பூச்சுக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, அடுத்தவற்றைத் தனியாக. ஒரு தேக்கரண்டி எண்ணெய் முழுக் கட்டைக்கும் போதும். உள்ளங்கையால் சூடேறும் அளவு தேய்த்து, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் போகாது. பூச்சுக்குப் பூச்சு 24 மணி நேரம், ஏற்காட்டு மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள். ஆறேழு பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடாகி அந்தச் சுருட்டல் தானே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

கட்டை குட்டையாக இருந்தால், விசையிலிருந்து பின்முனை வரை பெரியவர்களுக்கு 34, 35 செ.மீ. அளவு வரும்படி பின்னால் ரப்பர் சேருங்கள். செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் 8 மி.மீ. ரப்பர் ஷீட் இரண்டு மூன்று அடுக்கு, ஒட்டும் பசை போட்டு, ஓரத்தை எமரியில் உருட்டினால் கடையில் வாங்கியது போலவே இருக்கும்.

புதிதாகவே கட்டை செதுக்குவதானால் எந்த மரம்?

வாகை. இழை பின்னி நிற்கும், அதிர்ச்சி தாங்கும், எண்ணெய் பட்டால் அழகான பழுப்பு. பூவரசும் நன்று. எஸ்டேட்டுகளில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் சும்மா கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள், திருகாணி நிற்கும் இடத்தில் நசுங்கும். எந்த மரமானாலும் பச்சையாக வேண்டாம், ஒரு வருடமாவது நிழலில் கிடந்த பலகை. திருகாணித் துளைகளில் அலுமினியக் குழாய்த்துண்டை அரால்டைட்டில் பதித்துவிட்டால் மரம் சுருங்கினாலும் முடுக்கு தளராது.

ஸ்கோப் மாட்டினேன், பத்து நாளில் உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

முன்னோக்கி வரும் அந்த இரண்டாம் உதைதான் காரணம். சாதாரண ஸ்கோப்பில் கண்ணாடிகள் பின்னோக்கிய உதைக்கு மட்டும் கட்டப்பட்டவை. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்று குறிப்பிட்டதையே வாங்குங்கள், ஒரே துண்டாக உள்ள மவுண்ட்டோடு, பின்னால் நகராமல் தடுக்கும் ஊசியோடு. பத்து மீட்டரில் தெளிவாகப் பார்க்க அதன் குவியம் அங்கே வர வேண்டும். ஒரு கிளிக்குக்குக் கால் மினிட் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு மினிட்) நகரும் ஸ்கோப்பில், பத்து மீட்டரில் ஒரு கிளிக் 0.7 மி.மீ. நகர்த்தும். 2 செ.மீ. இடதுபுறம் போனால் வலதுக்கு 28 கிளிக். ஆனாலும் குறி இயந்திரத்தில் கைவைக்கும் முன், கட்டை ஆடவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஓரளவுக்குச் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து மீட்டரில், ஒவ்வொரு அட்டைக்கும் ஐந்து பெல்லட் என ஐந்து அட்டை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் வெறுமனே வைத்து, அது தன் போக்கில் உதைக்க விடுங்கள். பெஞ்சில் கெட்டியான மரத்தின் மேல் வைத்துச் சுட்டால் குறி மேலே துள்ளும். தொடக்கத்தில் 20 மி.மீ.க்குள் விழும் துப்பாக்கியை 10 மி.மீ.க்குள் கொண்டுவந்தால் நல்ல வேலை. போட்டித் துப்பாக்கிகளோடு ஒப்பிடாதீர்கள். 10 மீட்டர் ரைஃபிள் போட்டி அட்டையில் நடுப்புள்ளி 0.5 மி.மீ., அதற்கு உதையே இல்லாத வேறு வகை இயந்திரம்.

பெல்லட் எங்கே போய் நிற்க வேண்டும்?

40 செ.மீ. சதுர மரப்பெட்டி, பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு, முன்னால் 15 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி அடைத்த பழைய துணி. தகடு சாய்வாக இருந்தால் பெல்லட் கீழே விழும். பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்க வேண்டும்; வழி, சன்னல், தெரு எதுவும் கூடாது. கண்ணைக் காக்கும் கண்ணாடி போடுங்கள், சுற்றி நிற்பவர்களும். பெல்லட் ஈயம், தொட்ட கையால் பிள்ளைகளைத் தூக்குவதற்கும் சாப்பிடுவதற்கும் முன் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

காபி தோட்டத்தில் குரங்கு வருகிறது, விரட்டலாமா?

கூடாது. குரங்கு, பறவை, அணில் என்று சுட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி வழக்கு வரலாம். இந்த வேகத்தில் பெல்லட் உடனே கொல்லாது, காயப்பட்டுப் புதருக்குள் போய்ப் பல நாள் துடித்துச் சாகும். அட்டைக்கு மட்டுமே இந்தத் துப்பாக்கி.

ஏற்காட்டுப் பனியில் இரும்பு ஒரே வாரத்தில் துருப் பிடிக்கிறது.

உறைக்குள் பூட்டி வைப்பதால்தான். உறையின் நுரை ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. சுவரில் மரக் கொக்கியில், காற்றோட்டமான பூட்டிய அலமாரியில் தொங்கவிடுங்கள், பெல்லட் வேறு இடத்தில். சுட்டு முடித்ததும் விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து, மழைக்கு முன் இரும்பு முழுவதும் மெழுகுப் பாலிஷ் ஒரு கை. துருப் புள்ளி வந்துவிட்டால் 0000 எண் இரும்புப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து, கறுப்பு மெருகு போகாதபடி அந்தப் புள்ளியை மட்டும் தேயுங்கள்.